அரிசி பருப்புக்கு 6.75 சதவீதம்: டென்னசி மளிகை வரியை எடுத்துவிட வேண்டாமா?

அரைப்படி (நாஷ்வில்)

கடைசியாக மளிகை வாங்கின பில்லை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். இங்கே டென்னசி மாநிலத்தில் நாஷ்வில், மர்ஃப்ரீஸ்போரோ, ஃபிராங்க்ளின், எங்கே வாங்கினாலும் அரிசி, பருப்பு, பால், வெங்காயம் எல்லாவற்றுக்கும் 6.75 சதவீதம் வரி. இதில் 4 மாநிலத்துக்கு, 2.75 உள்ளூருக்கு. நாஷ்வில்லில் உள்ளூர்ப் பங்கு முன்னே 2.25தான், பஸ் திட்டத்துக்காக 2024 நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி அரை சதவீதம் ஏற்றினார்கள், 2025 பிப்ரவரியிலிருந்து வசூல். நாலு பேர் வீட்டில் மாதம் ஆயிரம் டாலர் மளிகை என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 810 டாலர் வரியாகவே போகிறது, அதில் 480 மாநிலத்துக்கு.

நான் எடுக்கச் சொல்வது மாநிலத்தின் அந்த 4 சதவீதத்தைத்தான். 2017-இல் ஆளுநர் ஹாஸ்லம் பெட்ரோல் வரியை ஏற்றுவதற்குச் சமாதானமாக இதை 5-லிருந்து 4 ஆக்கினார், அதோடு நின்றுவிட்டது. அப்புறம் 2022 ஆகஸ்டில் ஒரு மாதம் விடுமுறை, 2023-இல் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மூன்று மாதம் விடுமுறை. தேர்தல் நேரத்து வேட்டி சேலை மாதிரி கொடுத்துவிட்டுப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். பணமே இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் 2024-இல் ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் (நிறுவனங்கள் மாநிலத்துக்குக் கட்டும் ஒரு வரி) விஷயத்தில், நிறுவனங்கள் கேஸ் போட்டுவிடும் என்று பயந்து 150 கோடி டாலருக்கு மேல் ரீஃபண்டுக்கு ஒதுக்கிய அதே சட்டமன்றம்தானே இது? கம்பெனி கேட்டால் கஜானா திறக்கிறது, கத்தரிக்காய் வாங்குகிறவன் கேட்டால் மட்டும் பட்ஜெட் இடிக்கிறதா?

வரிக்கணக்கு

கோபம் புரிகிறது, கணக்கையும் பார்ப்போம். 2023-இல் அந்த மூன்று மாத விடுமுறைக்கு, உள்ளூர்ப் பங்கையும் சேர்த்து, சுமார் 27 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வருஷம் முழுக்க என்றால் நூறு கோடிக்கு மேல் போகும். டென்னசியில் சம்பளத்துக்கு இன்கம் டாக்ஸ் கிடையாது, 2014-இல் மக்களே ஓட்டுப்போட்டு அரசியல் சட்டத்திலும் அதை எழுதிவிட்டார்கள். வட்டி, டிவிடெண்டுக்கு இருந்த வரியும் 2021-இல் போய்விட்டது. மிச்சம் இருக்கிற பெரிய குதிரை சேல்ஸ் டாக்ஸ்தான். அதிலும் கார், ஃபர்னிச்சர் விற்பனை பொருளாதாரம் சரிந்தால் படுத்துவிடும், சாப்பாடு படுக்காது. அரசாங்கத்துக்கு இதன் மேல் பிடிப்பு வருவது அதனால்தான்.

இன்னொன்று, ஃபுட் ஸ்டாம்பில், அதாவது ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டையில், வாங்கும் பொருளுக்கு எந்த மாநிலமும் சேல்ஸ் டாக்ஸ் போட முடியாது, ஃபெடரல் சட்டமே தடுக்கிறது. ஆக அடிமட்டத்தில் இருப்பவர்கள் அந்த அட்டையில் வாங்குவதற்கு ஏற்கெனவே வரி இல்லை. 4 சதவீதத்தை எல்லோருக்கும் எடுத்தால், ஆர்கானிக் சால்மன் மீனும் பத்து டாலர் சீஸும் வாங்குகிற வீட்டுக்குத்தான் டாலர் கணக்கில் அதிக லாபம். ஏழைக்கு உதவ வேண்டும் என்றால் ஐடஹோ மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடலாம், செலவு குறைவு, குறியும் சரியாக இருக்கும்.

அரைப்படி

சார், ஃபுட் ஸ்டாம்ப் வரம்புக்கு ஒரு படி மேலே இருப்பவர்களை விட்டுவிட்டீர்களே. கிடங்கில் வேலை பார்ப்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், இவர்களுக்கு அந்த அட்டையும் இல்லை, விலக்கும் இல்லை. அட்டை இருப்பவர்களுக்கும் பாதி மாதத்தில் தீர்ந்துபோய்விடும், மீதி நாள் கைக்காசில் வாங்கினால் வரி உண்டு. விவசாயத் துறையின் கணக்குப்படி 2023-இல் கீழ் ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள் வரி போகக் கையில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கின்றன, மேல் ஐந்தில் ஒரு பங்குக்கு அது 8 சதவீதம். டாலரில் யாருக்கு லாபம் என்று பார்க்கிறீர்கள், நான் சம்பளத்தில் எவ்வளவு என்று பார்க்கிறேன்.

இன்கம் டாக்ஸ் இல்லை என்பதும் சாக்குதான். டெக்சஸிலும் இல்லை, ஃபுளோரிடாவிலும் இல்லை, வாஷிங்டனிலும் சம்பளத்துக்கு இல்லை. மூன்றிலும் மளிகைக்கு வரி கிடையாது. எப்படி ஓடுகிறது?

டாலஸ் டு டென்னசி

எப்படி ஓடுகிறது என்று நான் சொல்கிறேன் அண்ணா, வீட்டு வரியில் ஓடுகிறது. டெக்சஸில் ப்ளேனோவில் நான் கட்டிக்கொண்டிருந்த ப்ராப்பர்டி டாக்ஸில் பாதிகூட இங்கே இல்லை, வீடு கிட்டத்தட்ட அதே விலை. பால் பாக்கெட்டில் சேமித்ததை வருஷக் கடைசியில் வட்டியும் முதலுமாகக் கட்டினோம். வாடகை வீட்டில் இருப்பவனுக்கும் அது வாடகையில் வந்து ஏறும். எனக்கு மளிகை வரி பிடிக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் டெக்சஸைக் காட்டி இங்கே கேட்டால் அந்த ஊர் வீட்டு வரியையும் சேர்த்துக் காட்ட வேண்டும் இல்லையா.

உருளைக்கிழங்கு நாடு (பாய்ஸி)

ஐடஹோ பெயர் வந்ததால் உள்ளே வருகிறேன். இங்கே மளிகைக்கும் முழு 6 சதவீதம், மற்ற பொருளுக்கு உள்ள அதே வரி. பதிலுக்கு இன்கம் டாக்ஸ் தாக்கல் செய்யும்போது ஆளுக்கு 155 டாலர் கிரெடிட், அதாவது திரும்பக் கொடுக்கும் பணம், 2025 கணக்கிலிருந்து அந்தத் தொகை, முன்னே 120 இருந்தது. ரசீது எல்லாம் சேர்த்து வைத்தால் ஆளுக்கு 250 வரை கேட்கலாம் என்றும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அரைப்படி சொன்ன அதே ஆயிரம் டாலர் குடும்பம் பாய்ஸியில் இருந்தால் வரி 720, கிரெடிட் 620, கையை விட்டுப் போவது நூறு. பேப்பரில் பார்த்தால் உங்கள் ஊரை விட எவ்வளவோ மேல். பனிச்சறுக்கு விளையாட வருகிற வெளியூர்க்காரனிடமும் வரி கறந்துவிடலாம், அவனுக்குக் கிரெடிட் கிடையாது.

ஆனால் இங்கே குடியிருப்பவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பணம் ஏப்ரலில் வருகிறது, வெங்காயம் வாரா வாரம் வாங்க வேண்டியிருக்கிறது. வருமானம் குறைவு, தாக்கல் செய்யத் தேவையில்லை என்கிற பெரியவர்கள்கூட இந்தத் தொகைக்காகத் தனியாகப் படிவம் போட வேண்டும், தெரியாதவர்கள் போடுவதில்லை. ஃபுட் ஸ்டாம்ப் வாங்கின மாதங்களுக்குக் கிரெடிட் கழிந்துவிடும். ரசீது சேர்ப்பது இருக்கிறதே, எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஒரு மாதத்தில் வெளுத்துவிடுகிறது, ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து வைப்பதற்கு வீட்டில் ஒருத்தர் சம்பளமில்லாமல் குமாஸ்தா வேலை பார்க்கிறார். அது நான்தான்.

அப்புறம் வரிக்கணக்கு சாருக்கு, டென்னசியில் இன்கம் டாக்ஸ் ரிட்டர்னே கிடையாதே, கிரெடிட்டை எதில் கொடுப்பீர்கள்? அதற்கென்று ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம், ஒரு க்யூ என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

வரிக்கணக்கு

நல்ல கேள்வி. அதற்கு வழி கண்டுபிடிக்கலாம், ஆனால் சுலபம் இல்லை.

ஓவர்லேண்ட் அக்கா (கன்சாஸ்)

நாங்கள் எடுத்தே விட்டோம், வானம் இடிந்து விழவில்லை. கன்சாஸில் மளிகைக்கு மாநில வரி 6.5 சதவீதமாக இருந்தது, நாட்டிலேயே உச்சத்தில் இருந்த சிலவற்றில் ஒன்று. 2022-இல் ஆளுநர் லாரா கெல்லி ஒரே வெட்டாக எடுக்கச் சொன்னார், சட்டமன்றம் அவர் எதிர்க்கட்சியின் கையில், அவர்கள் படிப்படியாகத்தான் என்றார்கள். 2023 ஜனவரியில் 4, 2024-இல் 2, 2025 ஜனவரி 1-இல் பூஜ்யம். இரண்டு கட்சியும் பெயர் வாங்கிக்கொண்டது. மூன்று வருஷம் இழுத்ததில் பட்ஜெட்டுக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு தெரு, ஒரு பக்கம் கன்சாஸ், எதிர்ப்பக்கம் மிசௌரி. மிசௌரியில் மளிகைக்கு மாநில வரி 1.225 மட்டும். முன்பெல்லாம் பால் வாங்க ரோட்டைத் தாண்டினால் போதும், மாநில வரியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் மிச்சம். இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எத்தனை வருஷம் வயிறு எரிந்திருப்பார்கள்.

ஆனால் பில்லில் வரி முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சிட்டியும் கவுண்டியும் போடுகிற வரி அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பூஜ்யம் என்று கேள்விப்பட்டுக் கடையில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன், பாவம் கல்லாவில் நிற்கிற பெண்ணுக்கு அது என்ன தெரியும்.

கடைக்காரன் (மர்ஃப்ரீஸ்போரோ)

இந்தியன் ஸ்டோர் வைத்திருப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம். 4-ஆ பூஜ்யமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம், எது உணவு எது உணவில்லை என்கிற கோடுதான் தலைவலி. டென்னசியில் சாதாரண உணவுக்கு மாநில வரி 4, ஆனால் மிட்டாய், சத்து மாத்திரை, சமைத்த உணவு இதற்கெல்லாம் முழு 7, உள்ளூர் வரி சேர்ந்தால் 9.75.

மிட்டாய் என்றால் என்ன? சர்க்கரை, தேன் மாதிரி இனிப்போடு சாக்லேட், பழம், கொட்டை சேர்த்துத் துண்டாகவோ வில்லையாகவோ செய்தது, ஆனால் அதில் மாவு இருந்தால் மிட்டாய் இல்லை. அதனால் கிட்கேட், ட்விக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய். எந்த மாவு என்று கேள்வி இல்லை, லேபிளில் மாவு என்று இருந்தால் போதும். இப்போது என் அலமாரிக்கு வாருங்கள். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வெல்லமும் கொட்டையும் எள்ளும்தான், மாவு இல்லை, ஆக மிட்டாய், 9.75. பக்கத்திலேயே மைசூர்பாகு, லேபிளில் கடலை மாவு என்று போட்டிருக்கிறான், ஆக உணவு, 6.75. வாங்குகிற பாட்டிக்கு இரண்டும் பலகாரம்தான். ஒவ்வொரு புதுச் சரக்கு வரும்போதும் பொடி எழுத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படித்துத்தான் கணினியில் ஏற்றுகிறோம், தப்பாக ஏற்றினால் ஆடிட்டில் நான் கட்ட வேண்டும்.

சமோசா இன்னும் வேடிக்கை. ஃப்ரீசரில் இருந்தால் 6.75, சூடாக்கி வைத்தால் 9.75. இட்லி மாவில்தான் நான் அதிகம் பயந்தேன். கடையிலேயே அரைத்து டப்பாவில் போட்டால், விற்பவரே இரண்டு பொருளைக் கலந்து ஒரு பொருளாக விற்பது என்கிற வரையறைக்குள் வந்து சமைத்த உணவு ஆகிவிடுமோ என்று கணக்குப் பார்ப்பவர் இழுத்தார். வெளியே தயாராகி சீல் வைத்து வருகிற மாவு என்றால் அந்தத் தகராறே கிடையாது. கிரைண்டரை மூடி வைத்துவிட்டு வெளி மாவு வாங்க ஆரம்பித்தோம். ருசி குறைவு என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள், வரிச் சட்டம் என்றால் யாரும் நம்புவதில்லை.

இப்போது 4-ஐப் பூஜ்யம் ஆக்குங்கள். உணவுக்கும் மிட்டாய்க்கும் இடையே இன்றைக்கு வித்தியாசம் 3 சதவீதம், அது 7 ஆகிவிடும். கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்கிற சண்டை அந்த அளவுக்குச் சூடு பிடிக்கும். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்தால் வியாபாரம் கூடும், எனக்கு என்ன கசக்கிறதா. வரையறையையும் உட்கார்ந்து ஒழுங்காக எழுதுங்கள் என்கிறேன்.

டாலஸ் டு டென்னசி

ஊரில் ஜிஎஸ்டி வந்த கதை மாதிரியே இருக்கிறது அண்ணா. 2022 ஜூலையில் பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம், 25 கிலோவுக்கு மேல் என்றால் இல்லை என்றார்கள், உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது.

வரிக்கணக்கு

கடைக்காரர் சொன்னதுதான் சவுத் டகோடாவில் தேர்தலையே கவிழ்த்தது. அங்கேயும் இன்கம் டாக்ஸ் இல்லை, மளிகைக்கு முழு 4.2 சதவீத மாநில வரி. 2024 நவம்பரில் அதை எடுக்கலாமா என்று நேரடி ஓட்டெடுப்பு. ஆனால் தீர்மானத்தில் உணவு என்று எழுதாமல் மனிதர்கள் உட்கொள்வதற்காக விற்கப்படும் எதற்கும் என்கிற தோரணையில் எழுதிவிட்டார்கள். சிகரெட், மவுத்வாஷ் வரைக்கும் இதில் வந்துவிடும், சிட்டிகள் வரியும் போய்விடும் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ 69 சதவீதம் பேர் வேண்டாம் என்று போட்டார்கள். மளிகை வரியை எடுக்க யார் வேண்டாம் என்பார்கள் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

யூட்டாவில் வேறு மாதிரி. மாநிலத்தின் 1.75 சதவீதத்தை எடுக்கிறோம், ஆனால் இன்கம் டாக்ஸ் பணம் கல்விக்கே என்கிற அரசியல் சட்டப் பூட்டைத் திறக்க நீங்கள் ஓட்டுப்போட்டால்தான் என்று முடிச்சுப் போட்டார்கள். ஓட்டெடுப்புக்கு முன்பே கோர்ட் அதைச் செல்லாது என்றது. மளிகை வரி அங்கே இன்னும் இருக்கிறது.

ராக்கெட் சிட்டி மதுரைக்காரன் (ஹண்ட்ஸ்வில்)

அலபாமாவில் மளிகை வரி போவதில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். 4 சதவீதம் இருந்தது 2023 செப்டம்பரில் 3, 2025 செப்டம்பரில் 2. அடுத்த வெட்டு ஏன் ஒரு வருஷத்தில் வரவில்லை தெரியுமா? இங்கே சேல்ஸ் டாக்ஸ் பணம் பெரும்பாலும் போவது எஜுகேஷன் டிரஸ்ட் ஃபண்டுக்கு, பள்ளிக்கூடம், கல்லூரி, வாத்தியார் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். அந்த நிதியின் வருமானம் 3.5 சதவீதம் வளரும் என்றால்தான் அடுத்த வெட்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள், 2024-இல் அது நடக்கவில்லை. வீட்டு வரி நாட்டிலேயே மிகக் குறைவாக இருக்கிற மாநிலங்களில் இதுவும் ஒன்று, அதை ஏற்றுவதற்கு அரசியல் சட்டமே தடை. ஆக அரிசியின் வரியை எடுத்தால் என் பையன் வகுப்பறையில் எங்கே இடிக்கும் என்று கேட்கத்தானே தோன்றும்.

இன்னொரு பக்கம், மாநிலம் பாதியாகக் குறைத்தும் ஹண்ட்ஸ்வில்லில் மளிகைக்கு இன்னும் 7 சதவீதம், சிட்டி கவுண்டி சேர்ந்து 5. மாநிலம் குறைத்த சந்தில் உள்ளூர் ஏற்றக்கூடாது என்று சட்டத்தில் தடுத்திருக்கிறார்கள், அதுவரை புத்திசாலித்தனம்.

சிகாகோ பக்கம்

அந்தப் புத்திசாலித்தனம் எங்களுக்கு இல்லை. இல்லினாயில் மாநில மளிகை வரி 1 சதவீதம் 2026 ஜனவரி 1-இல் ஒழிந்தது, ஆளுநர் பெருமையாக அறிவித்தார். அந்த 1 சதவீதம் முழுக்க ஊராட்சிகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, மாநிலத்துக்குக் காலணா நஷ்டம் இல்லை. நீங்களே வேண்டுமானால் 1 சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதே சட்டத்தில் ஊர்களுக்கு அனுமதி. நூற்றுக்கணக்கான ஊர்கள் போட்டுக்கொண்டன. வரி அதே, வசூலிக்கிறவர் பெயர்தான் வேறு.

கிரீன் கார்டு க்யூ

எல்லாம் சரி. இங்கே எழுதுகிற பாதிப் பேருக்கு ஓட்டே கிடையாது. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறவனுக்கு ஃபுட் ஸ்டாம்பும் இல்லை, வேலை போனால் வேறு வேலை தேட அறுபது நாள்தான், ஆனால் கத்தரிக்காய்க்கு 6.75 உண்டு. நாம் விவாதித்து என்ன ஆகப்போகிறது?

அரைப்படி

தம்பி, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு போன் போட ஓட்டு தேவையில்லை. தொகுதியில் குடியிருந்து வரி கட்டினால் போதும். நாஷ்வில்லில் சட்டமன்ற உறுப்பினர் ஆஃப்டின் பென் இந்த வரியை எடுக்க மசோதா கொண்டுவந்தார், பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தை வேறு இடத்தில் காட்டித் தப்பிக்கிற ஓட்டையை அடைத்து ஈடுகட்டலாம் என்பது அதில் இருந்த யோசனை. நிறைவேறவில்லை. சிறுபான்மைக் கட்சிக்காரர் கொண்டுவந்தால் இங்கே அதுதான் கதி. பெரும்பான்மைக் கட்சி உறுப்பினர் தொகுதியில் இருப்பவர்கள்தான் பேச வேண்டும், ஃபிராங்க்ளின் பக்கம் நம் ஆட்கள் எவ்வளவு பேர் இருக்கிறீர்கள். அங்கே கடை வைத்திருப்பவர், வீடு வைத்திருப்பவர், சிட்டிசன் ஆனவர் யாருமே இல்லையா?

இத்தனை பேர் சொன்னதைக் கேட்ட பிறகும் என் கட்சி அதேதான், கேட்கிற விதம் மட்டும் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கன்சாஸ் மாதிரி வருஷத்துக்கு ஒரு படியாக இறக்கட்டும். அலபாமா மாதிரி உள்ளூர் ஏற்றக்கூடாது என்று பூட்டுப் போடட்டும். கடலை மிட்டாயை உணவில் சேர்க்கட்டும், அது என் சொந்தக் கோரிக்கை. பணம் எங்கே என்றால், ஃபிராஞ்சைஸ் டாக்ஸில் ரீஃபண்ட் போக ஒவ்வொரு வருஷமும் விட்டுக்கொடுக்கிறார்களே, அதற்கு எங்கிருந்து எடுத்தார்களோ அங்கிருந்து எடுக்கட்டும்.

டாலஸ் டு டென்னசி

அதுவரைக்கும் கென்டக்கி போய் வாங்கினால் என்ன? அங்கே மளிகைக்கு வரியே இல்லை, உள்ளூர் சேல்ஸ் டாக்ஸும் கிடையாது என்கிறார்கள்.

வரிக்கணக்கு

நாஷ்வில்லிலிருந்து எல்லை தாண்டி கென்டக்கியில் இருக்கிற ஃபிராங்க்ளினுக்கு (நம் ஊர் ஃபிராங்க்ளின் இல்லை) போக வர சுமார் 90 மைல். கேலனுக்கு 30 மைல் கொடுக்கும் வண்டி, கேலன் மூன்று டாலர் என்றால் ஒன்பது டாலர் பெட்ரோல். அதை மீட்கவே 133 டாலருக்கு மேல் மளிகை வாங்க வேண்டும், உங்கள் நேரத்துக்குக் கூலி தனி. ஐநூறு டாலருக்கு மொத்தமாக வாங்கினால் 25 டாலர் மிஞ்சும். சட்டப்படி பார்த்தால் வெளி மாநிலத்தில் வரியில்லாமல் வாங்கி வந்ததற்கு இங்கே யூஸ் டாக்ஸ் கட்டவும் வேண்டும், அதை யார் கட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடைக்காரன் (மர்ஃப்ரீஸ்போரோ)

போய் வாருங்கள். அந்த எக்ஸிட்டில் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் கிடைத்தால் எனக்கும் ஒரு கட்டு வாங்கி வாருங்கள்.